சொல்லின்றிக் கற்பித்தவர்கள்



2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த யூமா நகரில், நோகி எட்வர்ட்ஸ் என்னும் கிட்டார்க் கலைஞர் தமது 82-ஆம் வயதில் காலமானார். அவர் பாடகர் அல்லர். பாட்டு எழுதிப் புகழ் பெற்றவரும் அல்லர். 'வெஞ்சர்ஸ்' என்னும் வாத்தியக் குழுவில் கிட்டார் வாசித்தவர். ஆயினும், அவர் மறைந்த செய்தி கேட்டு அமெரிக்காவில் வருந்தியவர்களைப் போலவே ஜப்பானிலும் பல்லாயிரவர் வருந்தினர். அவர்களுள் பெரும்பாலோர் தலை நரைத்த முதியவர்கள்; தம் பள்ளிப் பருவத்தில் ஒரு கிட்டாரை வாங்கி, அவர் வாசித்ததைக் கேட்டுக் கேட்டுத் தாமும் வாசிக்கப் பழகியவர்கள்.

பிறர் கேட்டு மகிழும்படி வாசிக்கும் கலைஞர் பலர். பிறரையும் வாசிக்கத் தூண்டும்படி வாசிக்கும் கலைஞர் சிலரே. வெஞ்சர்ஸ் குழுவினர் இந்தச் சிலருள் சேர்ந்தவர்கள். அவர்களுடைய வரலாற்றைச் சுருக்கமாக உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். இசை வல்லுநன் என்ற முறையில் அன்று. வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் கழித்த ஓர் ஆசிரியன் என்ற முறையிலேயே பேசுகிறேன்.

முதலில், இக்குழுவினரோடு சேர்த்து எண்ணப்படும் 'சர்ஃப்' இசை என்பது யாது என்று பார்ப்போம். கடலலையின்மேல் பலகையை மிதக்கவிட்டு, அதன்மீது நின்றபடி கரையை நோக்கிச் சறுக்கி வரும் விளையாட்டு ஒன்று உண்டு. ஹவாய்த் தீவுகளில் தொன்றுதொட்டு வழங்கிய அவ்விளையாட்டு, கலிபோர்னியக் கடற்கரை இளைஞர்களிடையே 1950-களின் இறுதியில் பெருகிப் பரவியது. 1961-ஆம் ஆண்டில் டிக் டேல் என்பவர், பால்போவா என்னும் கடற்கரை ஊரின் நடன மண்டபத்தில் தம் குழுவினருடன் வாசிக்கத் தொடங்கினார். தாமும் அலைச்சறுக்கில் ஈடுபட்டவராதலால், அலைமேல் விரையும்போது தாம் உணர்ந்த வேகத்தையும் அதிர்வையும் கிட்டாரில் கொணர முயன்றார். தடித்த தந்திகளை இடைவிடாமல் அடித்து, இடி உருண்டு வருவது போன்ற ஒலியை எழுப்பினார். அலைச்சறுக்கு இளைஞர் அதனைத் தம் இசையாகவே ஏற்றுக்கொண்டனர்.

இந்த இசைக்கு ஈரம் தோய்ந்தாற்போன்ற ஓர் ஓசை உண்டு. அது எவ்வாறு பிறக்கிறது? விஞ்ஞானம் பயிலும் மாணவர் இதனை எளிதில் உணரலாம். கிட்டாரிலிருந்து வரும் மின் அலையின் ஒரு பகுதி, ஒரு பெட்டிக்குள் கட்டப்பட்டிருக்கும் மெல்லிய சுருள் வில்லின் ஒரு முனையை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு வில்லின் வழியே மறுமுனைக்குச் செல்கிறது, அங்கிருந்து திரும்புகிறது, மீண்டும் செல்கிறது. மறுமுனையில் அதனை மீண்டும் மின் அலையாக மாற்றி, முதல் ஒலியோடு கலக்கின்றனர். எனவே, ஒரு குரல் பெரிய மண்டபத்தில் எதிரொலித்து மெல்ல மறைவதுபோல் ஒவ்வொரு சுரமும் நீண்டு கரைகிறது. ஃபெண்டர் நிறுவனத்தார் 1961-ஆம் ஆண்டில் இத்தகைய பெட்டியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தனர். சர்ஃப் இசையின் கடல் மணம், ஒரு பெட்டிக்குள் அடங்கிய சுருள் வில்லிலிருந்து பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால், வெஞ்சர்ஸ் குழுவினர் கலிபோர்னியாவைச் சேர்ந்தவர்கள் அல்லர்; அலைச்சறுக்குக்காரர்களும் அல்லர். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், மழையும் குளிரும் மிகுந்த வாஷிங்டன் மாநிலத்து டக்கோமா நகரில் தோன்றியவர்கள். 1958-ஆம் ஆண்டில் டான் வில்சன், பாப் போகிள் என்னும் இளைஞர் இருவர் நண்பர்களாயினர். இருவரும் கட்டட வேலை செய்து பிழைத்தவர்கள். அடகுக் கடையொன்றில் விலை மலிந்த பழைய கிட்டார்கள் இரண்டினை வாங்கினர். வேலை முடிந்த நேரங்களில் தாமே முயன்று பழகினர். அவர்களுக்குக் குருகுலமும் இல்லை. இசைக் கல்லூரியும் இல்லை. செங்கல்லும் சாந்தும் அளைந்த கைகளே தந்திகளையும் தடவிப் பழகின. முதலில் தாம் சூட்டிக்கொண்ட பெயர் வேறொரு குழுவுக்கு முன்னரே உரியதாயிருந்தமையால், 'வெஞ்சர்ஸ்' என்னும் பெயரைப் பின்னர் மேற்கொண்டனர். துணிந்து இறங்கும் முயற்சிகள் என்பது அதன் பொருள். பொருத்தமான பெயர்தான்.

1960-ஆம் ஆண்டில் அவர்கள் 'வாக், டோன்ட் ரன்' என்னும் வாத்திய மெட்டை இசைத்தட்டில் பதிவு செய்தனர். 'ஓடாதே, நட' என்று அதனைத் தமிழில் கூறலாம். ஜானி ஸ்மித் என்னும் ஜாஸ் கிட்டார் மேதை 1954-ஆம் ஆண்டில் இயற்றிய மெட்டு அது. பின்னர், செட் அட்கின்ஸ் என்னும் மற்றொரு மேதை அதனைத் தம் வழியில் வாசித்திருந்தார். அட்கின்ஸின் இசைத்தட்டைக் கேட்டே வில்சனும் போகிளும் அதனைக் கற்றனர். அம்மேதையின் விரல் நுட்பம் தமக்குக் கைவராது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். எனவே, நுண்ணிய பின்னல்களை அகற்றி, மெட்டின் உருவம் தெளிவாகத் தோன்றும்படி எளிமையாக்கி, உறுதியான தாளத்தின்மேல் அதனை நிறுத்தினர். இயலாமையிலிருந்து பிறந்த அந்த எளிமையே பின்னர் அவர்களுடைய வலிமையாயிற்று. இதனைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் இதற்கு நான் திரும்ப வருவேன்.

அந்த இசைத்தட்டைப் பெரிய நிறுவனம் எதுவும் முதலில் வெளியிடவில்லை. வில்சனின் அன்னையார் தாமே ஒரு சிறு நிறுவனம் அமைத்து அதனை வெளியிட்டார். சியாட்டில் நகரத்து வானொலி நிலையம் ஒன்று, மணிதோறும் செய்தி அறிக்கைக்கு முன் அந்த மெட்டை ஒலிபரப்பலாயிற்று. இது யாருடைய வாசிப்பு என்று நேயர்கள் கேட்கத் தொடங்கினர். பிறகு, டால்டன் என்னும் நிறுவனத்தார் அதனை நாடெங்கும் பரப்பினர். அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் மிகுதியாக விற்ற இசைத்தட்டுகளின் வரிசையில் அது இரண்டாம் இடத்தை எட்டியது. பத்து டாலர் அளவில் அடகுக் கடையில் வாங்கிய கிட்டார்களோடு தொடங்கிய முயற்சி, இரண்டே ஆண்டுகளில் அடைந்த உயரம் இது.

இனி, நோகி எட்வர்ட்ஸைப் பற்றிக் கூறவேண்டும். 1935-ஆம் ஆண்டில் ஓக்லஹோமா மாநிலத்தில், இசையில் ஈடுபாடு மிக்க குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலிருந்தே பலவகைத் தந்தி வாத்தியங்களைக் கையாண்டவர். கன்ட்ரி இசை எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற மரபில் தோய்ந்தவர். வெஞ்சர்ஸ் குழுவில் அவர் சேர்ந்தபோது கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரே அவருக்குரியதாயிற்று. மெட்டை முன்னின்று வாசிக்கும் தலைமைக் கிட்டார் போகிளின் கையில் இருந்தது. புகழ்பெற்ற அந்த முதல் இசைத்தட்டில் ஒலிக்கும் தலைமைக் கிட்டாரும் போகிளுடையதே.

ஆனால், சிறிது காலத்திற்குள் இருவரும் இடம் மாறிக்கொண்டனர். எட்வர்ட்ஸின் கைத்திறன் தம்முடையதினும் மேம்பட்டது என்று கண்ட போகிள், குழுவைத் தோற்றுவித்தவருள் தாமும் ஒருவராயிருந்தும், முன்னிடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்துப் பேஸ் கிட்டாரை ஏற்றார். புகழ் உச்சியில் இருக்கும் ஒருவர் இவ்வாறு செய்வது எளிதன்று. எட்வர்ட்ஸின் வாசிப்பை நாம் பாராட்டும்போதெல்லாம் போகிளின் பெருந்தன்மையையும் சேர்த்தே பாராட்டுதல் முறையாகும்.

1962-ஆம் ஆண்டில் மெல் டெய்லர் என்னும் டிரம் வாத்தியக் கலைஞர் வந்து சேர்ந்தார். வில்சன், போகிள், எட்வர்ட்ஸ், டெய்லர் ஆகிய நால்வரும் கூடிய அமைப்பே இக்குழுவின் பொற்கால அமைப்பு. எட்வர்ட்ஸின் கையில் ஒவ்வொரு சுரமும் மணி மணியாகப் பிரிந்து கேட்கும். வேகம் எவ்வளவு மிகுந்தாலும் மெட்டின் முகம் மங்குவதில்லை. புதிய ஓசைகளைத் தேடுவதிலும் அவர்கள் முன்னின்றனர். கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைத்து, வண்டின் ரீங்காரம் போல் உறுமச் செய்யும் கருவியை 1962-ஆம் ஆண்டிலேயே ஓர் இசைத்தட்டில் கையாண்டனர். அந்த ஓசை உலகெங்கும் பிரபலமானது அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே.

1963-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சர்ஃப் அலை நாடெங்கும் வீசியது. 'சான்டேஸ்' என்னும் குழுவினரின் 'பைப்லைன்', 'சர்ஃபாரிஸ்' என்னும் குழுவினரின் 'வைப் அவுட்' ஆகிய மெட்டுகள் அவ்வாண்டில் புகழ் பெற்றன. இரண்டு குழுவினரும் பள்ளிப் பருவம் கடவாத இளைஞர்கள். வெஞ்சர்ஸ் குழுவினர் அம்மெட்டுகளைத் தமதாக்கிக்கொண்டு, தம் மேடைகளில் இறுதிவரை வாசித்தனர். தம் முதல் மெட்டையே சர்ஃப் பாணியில் புதுப்பித்து 1964-ஆம் ஆண்டில் மீண்டும் வெளியிட்டபோது, அது எட்டாம் இடத்தைப் பிடித்தது. ஒரே மெட்டு, ஒரே குழுவினரின் கையில், இருவேறு வடிவங்களில் இருமுறை முதற் பத்துக்குள் புகுந்தது அரிய செயல்.

அதே 1964-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்க மண்ணில் கால் வைத்தனர். அதன்பின் இளைஞரின் செவி பாடும் குழுக்களின் பக்கம் திரும்பியது. பாட்டில்லாத வாத்தியக் குழுக்கள் பல அடையாளம் தெரியாமல் மறைந்தன. வெஞ்சர்ஸ் மறையவில்லை. அதற்குரிய காரணங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதற் காரணம், அவர்கள் ஆசிரியர்களாக மாறியமை. 1965-ஆம் ஆண்டில் 'வெஞ்சர்ஸுடன் கிட்டார் வாசியுங்கள்' என்னும் பொருள்பட ஓர் இசைத்தட்டை வெளியிட்டனர். அது பாட இசைத்தட்டு. சுரக்குறிப்பு அறியாதவர்களும் பின்பற்றும்படி, எந்தத் தந்தியில் எந்த இடத்தில் விரலை வைக்கவேண்டும் என்று காட்டும் படங்களும் உடன் வழங்கப்பட்டன. அந்தப் பாடநூல் இசைத்தட்டு, விற்பனையில் முந்திய இசைத்தட்டுகளின் பட்டியலில் இடம் பெற்றது. பாடம் ஒன்று வேடிக்கைப் பொருள்களோடு போட்டியிட்டு விலைபோயிற்று என்றால், ஆசிரியனாகிய நான் வியக்காமல் இருக்க முடியுமா? கற்றதை மறைத்து வைத்துப் புகழைக் காப்பவர் உண்டு. இவர்களோ, 'இதோ, இவ்வளவுதான். நீயும் செய்' என்று கையைப் பிடித்துக் காட்டினர்.

இரண்டாம் காரணம் ஜப்பான். 1962-ஆம் ஆண்டில் வில்சனும் போகிளும் மட்டும் அந்நாட்டுக்குச் சென்றனர். 1965-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நால்வரும் சென்று வாசித்தபோது, நாடே அதிர்ந்தது. உலகப் போர் முடிந்து அப்போது இருபதாண்டுகள் ஆகியிருந்தன. பகைவரின் நாட்டிலிருந்து வந்த நால்வர், மொழி தெரியாத மக்கள்முன் ஒரு சொல்லும் பாடாமல் வாசித்தனர். சொல் இல்லாமையால் மொழிபெயர்ப்புக்கும் தேவை இல்லாது போயிற்று. 'எலெக்ட்ரிக்' என்ற சொல்லைக் குறுக்கி, மின் கிட்டாரை ஜப்பானியர் 'எரெக்கி' என்றனர். அவ்வாண்டு முழுவதும் எரெக்கி மோகம் அந்நாட்டு இளைஞரை ஆட்கொண்டது. டெயிஸ்கோ, குயாடோன் முதலிய உள்நாட்டு நிறுவனங்களின் கிட்டார்கள் இளைஞர் கைகளில் தவழ்ந்தன. தொலைக்காட்சியில் எரெக்கிப் போட்டிகள் நடைபெற்றன. ஊர்தோறும் மாணவர் குழுக்கள் முளைத்தன.

அந்த மாணவர்கள் ஏன் வெஞ்சர்ஸைத் தேர்ந்தெடுத்தனர்? முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன செய்திக்கு இப்போது வருவோம். அவர்களுடைய இசை, தெளிவாகப் பிரித்துக் கேட்கக்கூடிய இசை. இரண்டு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், ஒரு டிரம். ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்பதைப் புதிதாய்க் கற்பவனும் இசைத்தட்டிலிருந்து கண்டறியலாம். நான்கு நண்பர்கள் சேர்ந்தால் ஒரு குழு அமைந்துவிடும். மேதையின் பின்னலைக் கண்டு மலைத்து நின்ற கட்டடத் தொழிலாளர் இருவர், தமக்காக அதனை எளிமையாக்கினர். அந்த எளிமையே கடல் கடந்த நாட்டு மாணவருக்கு ஏணியாயிற்று.

இங்கேதான் பள்ளிக்கூடம் வரலாற்றில் நுழைகிறது. 1965-ஆம் ஆண்டு அக்டோபரில், டோச்சிகி மாவட்டத்து அஷிகாகா நகரக் கல்விக் குழுவினர் பள்ளி மாணவர்களுக்கு மின் கிட்டாரைத் தடை செய்தனர். பிற ஊர்களிலும் அத்தகைய தடைகள் பரவின. மின் கிட்டார் ஒழுக்கத்தைக் கெடுக்கும், படிப்பைக் குலைக்கும் என்பது பெரியோர் பலரின் அச்சம்.

ஒரு பள்ளியின் பொறுப்பை ஏற்று நடத்தியவன் நான். எனவே, அந்தக் கல்விக் குழுவினரைக் கண்டு நகைக்க என்னால் இயலாது. நள்ளிரவு வரை பேரோசை எழுப்பிவிட்டு மறுநாள் வகுப்பில் உறங்கும் மாணவனை நினைத்துக் கவலைப்படுவது ஆசிரியனின் கடமையே. பிள்ளையின் விருப்பத்திற்காகக் கடன்பட்டுக் கருவி வாங்கும் தந்தையை நினைத்து இரங்குவதும் முறையே. ஆனால், ஒரு மாணவன் ஒன்றில் உள்ளம் தோய்ந்துவிட்டான் என்பது கண்டு அஞ்சுவதற்கு முன், அந்த ஈடுபாட்டினுள் என்ன நிகழ்கிறது என்று பார்த்தல் வேண்டும். அந்தச் சிறுவர்கள் என்ன செய்தனர்? ஒரே பகுதியை நூறு முறை கேட்டனர். விரல் நுனி தடிக்கும்வரை பழகினர். மற்ற மூவருக்கும் செவிகொடுத்துத் தன் தாளத்தைச் சரிசெய்யக் கற்றனர். இவற்றைப் பொறுமை, பயிற்சி, ஒத்துழைப்பு என்று நாம் பாடத்திட்டத்தில் எழுதிவைத்திருக்கிறோம். அவை கிட்டாரின் வடிவில் வந்தபோது அடையாளம் காண முடியாமல் போயிற்று. நேரத்திற்கு வரம்பு கட்டியிருக்கலாம். இடத்திற்கு விதி வகுத்திருக்கலாம். கருவியையே விலக்கியது மிகை என்பதே என் துணிபு.

அந்தத் தடைக்கு அழகான விடை ஒன்று ஜப்பானிலிருந்தே பிறந்தது. டெராவுச்சி தகேஷி என்பவர் அந்நாட்டின் தலைசிறந்த மின் கிட்டார்க் கலைஞர். 'புளூ ஜீன்ஸ்' என்னும் குழுவின் தலைவர். தம் நாட்டுப்புற மெட்டுகளையும் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனியையும் மின் கிட்டாரில் வாசித்துக் காட்டியவர். அவர் சினந்து எழுதவில்லை, வழக்காடவும் இல்லை. பள்ளிகளை நாடிச் சென்றார். 1970-கள் தொடங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர், ஆசிரியர் அனைவர் முன்னும் வாசித்தார். எது தீயது என்று விலக்கப்பட்டதோ, அது பள்ளி மண்டபத்துக்குள்ளேயே ஒலித்தது. அவர் 2021-ஆம் ஆண்டில் மறைந்தார்.

அந்தக் காலத்து மாணவன் ஒருவனின் உள்ளத்தை ஓர் எழுத்தாளர் பின்னாளில் கதையாக்கினார். அஷிஹாரா சுனாவோ என்பவர் எழுதிய அந்நாவலுக்கு 1991-ஆம் ஆண்டில் நவோகி பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டில் அது திரைப்படமாகவும் வந்தது. சிக்கோகுத் தீவின் சிற்றூர் ஒன்றில் வாழும் சிறுவன், 1965-ஆம் ஆண்டில் வானொலியில் வெஞ்சர்ஸின் 'பைப்லைன்' மெட்டைக் கேட்கிறான். அந்தக் கணத்திலேயே அவன் வாழ்க்கை திசை மாறுகிறது. நண்பர்களைத் திரட்டி, உழைத்துப் பொருள் ஈட்டி, கருவி வாங்கிக் குழு அமைக்கிறான். தடித்த தந்தியின்மேல் உருண்டிறங்கும் அந்த ஓசையைத்தான் 'டென்டெகெடெகெடெகெ' என்று நூலின் பெயரிலேயே ஆசிரியர் வைத்துள்ளார். ஒலியைச் சொல்லால் பிடிக்க முயன்று, ஒலியாகவே எழுதிவிட்டார்.

ஜப்பான் பெற்றதோடு நிற்கவில்லை, கொடுக்கவும் செய்தது. அந்நாட்டு மெல்லிசையின் சாயலை உள்வாங்கிக்கொண்ட வெஞ்சர்ஸ் குழுவினர், அம்மக்களுக்காகவே மெட்டுகளை இயற்றினர். அவற்றுக்கு ஜப்பானியச் சொற்கள் எழுதப்பட்டு, அந்நாட்டுப் பாடகர்கள் பாடினர். டோக்கியோவின் கின்சாத் தெருவைப் பற்றி 1966-ஆம் ஆண்டிலும், கியோட்டோ நகரைப் பற்றி 1970-ஆம் ஆண்டிலும், ஒசாக்காவின் மிடோசுஜிச் சாலையைப் பற்றி 1971-ஆம் ஆண்டிலும் வெளிவந்த அப்பாடல்கள் பெரும்புகழ் எய்தின. இயற்றியவர்கள் அயல்நாட்டார் என்பதை எண்ணாமலே மக்கள் பாடி மகிழ்ந்தனர். ஆசிரியன் மாணவனிடம் கற்கத் தொடங்கும்போதுதான் கல்வி முழுமை பெறுகிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

எட்வர்ட்ஸ் 1968-ஆம் ஆண்டில் குழுவை விட்டு விலகிச் சில ஆண்டுகளுக்குப் பின் திரும்பினார், மீண்டும் விலகினார், மீண்டும் வந்து வாசித்தார். அவர் இல்லாத காலத்தில் ஜெரி மெக்கீ என்பவர் தலைமைக் கிட்டாரை ஏற்றார். 'ஹவாய் ஃபைவ்-ஓ' என்னும் தொலைக்காட்சித் தொடரின் மெட்டு 1969-ஆம் ஆண்டில் நான்காம் இடத்தை எட்டியது அவர் காலத்தில்தான். 1996-ஆம் ஆண்டில் மெல் டெய்லர் மறைந்ததும், அவருடைய மகன் லியன் டெய்லர் தந்தையின் இடத்தில் அமர்ந்தார். 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக் அண்டு ரோல் புகழ்மண்டபம் இக்குழுவினரை ஏற்றுச் சிறப்பித்தது. முதல் வெற்றி கண்டு நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து வந்த சிறப்பு அது. மறு ஆண்டில் போகிளும், 2018-ஆம் ஆண்டில் எட்வர்ட்ஸும், 2019-ஆம் ஆண்டில் மெக்கீயும், 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் வில்சனும் மறைந்தனர். பொற்காலத்து நால்வரும் இன்று இல்லை.

ஒரு பாடகர் மறைந்தால் அவருடைய குரலை இசைத்தட்டு காக்கிறது. எட்வர்ட்ஸின் கலையையும் இசைத்தட்டுகள் காக்கின்றன, அதில் ஐயமில்லை. எனினும், அதனைக் காப்பவை வேறு இடங்களிலும் உள்ளன. ஜப்பானில் எழுபது வயது கடந்த முதியவர்கள் மாலை வேளையில் நண்பர்களோடு கூடி, தாம் பதினைந்து வயதில் பழகிய 'பைப்லைன்' மெட்டை இன்றும் வாசிக்கின்றனர். பேரப் பிள்ளைகள் அருகில் அமர்ந்து அந்த விரல்களைப் பார்க்கின்றனர். அவர்களுள் ஒரு பிள்ளை, 'எனக்கும் காட்டுங்கள்' என்று கேட்குமானால், டக்கோமா நகரத்து அடகுக் கடையில் தொடங்கிய பாடம் மேலும் ஒரு தலைமுறை தொடரும்.

மாணவ நண்பர்களே! நீங்கள் விரும்பும் கலை எதுவாயினும் ஆகுக. கருவி எதுவாயினும் ஆகுக. கேட்டு மகிழ்வதோடு நின்றுவிடாதீர்கள். கையில் எடுத்துப் பாருங்கள். முதல் நாள் தவறும். பத்தாம் நாளும் தவறும். பெருமேதைக்குரிய நுட்பம் கைவராவிட்டால், உங்கள் கைக்கு இயன்றவாறு அதனை எளிமையாக்கித் தெளிவுறச் செய்யுங்கள். பிறகு, கற்றதை அடுத்தவருக்குக் காட்டிக்கொடுங்கள்.